சூடு உறைக்காத சுண்டுவிரல்

பக்கத்து அறையில் ஏதோ தரையில் விழும் சத்தம் கேட்டது. மாவு பிசைந்துகொண்டிருந்த நெரெய்டா கையை நிறுத்திக் காது கொடுத்தாள். சீப்புதான். எடுக்கிற சத்தம், உடனே மறுபடியும் விழுகிற சத்தம். பிறகு மூன்றாவது முறையும் அதே சீப்பு சிமெண்டுத் தரையில் விழுந்து துள்ளியது.

மாவு ஒட்டிய கையோடு போய் எட்டிப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் அவள் மகன் வில்கின் நின்றிருந்தான். பதினைந்து வயதுப் பையனுக்கு வாசல் நிலை இடிக்கிற உயரம். அவனுடைய வலது கை காதுவரைதான் ஏறியது. அதற்கு மேல் ஏறவில்லை. அம்மா பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று இடது கைக்குச் சீப்பை மாற்றிக்கொண்டான்.

"கையில என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் களைச்சிருக்கு."

சான் பெத்ரோவில் அவர்கள் இருந்த பேட்டையில் பேஸ்பால் எறிகிற எந்தப் பையனும் கை வலிக்கிறது என்று சொல்ல மாட்டான். களைச்சிருக்கு என்பான், இறுக்கமா இருக்கு என்பான், ராத்திரி கையை மடக்கித் தூங்கிட்டேன் என்பான். வலி என்ற ஒரு சொல் மட்டும் வாயிலிருந்து வராது. வந்தால் அடுத்த நாளே அவனுக்குக் 'கண்ணாடிக் கை' என்று பெயர் விழுந்துவிடும். அந்தப் பெயர் விழுந்தவனை ஆள் எடுக்க வரும் அமெரிக்கக் கிளப்காரர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் பிள்ளைகள் கண்ணில் நீர் முட்ட முட்டச் சிரித்துக்கொண்டே எறிந்தார்கள். பெற்றவர்களும் அந்தச் சிரிப்பையே நம்பினார்கள். நம்புவதுதான் வசதியாக இருந்தது.

நெரெய்டாவுக்கு அன்றைக்கு அந்த வசதி போதவில்லை. பலகார வண்டியைக்கூடத் தள்ளாமல் பையனை இழுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அவள் வண்டியைத் தள்ளாத நாள் அபூர்வம். கரும்பு ஆலை எஸ்டேட்டில் பிறந்தவள். சட்டை தைக்கும் ஏற்றுமதிக் கம்பெனியில் பல வருஷம் சட்டையின் கைப்பகுதி மட்டுமே தைத்தாள். காலர் தைப்பவள் வேறு, பொத்தான் தைப்பவள் வேறு. முழுச் சட்டையை அவள் கடையில்தான் பார்த்தாள். வில்கின் தொட்டிலில் இருந்தபோது அவன் அப்பன் நியூயார்க் போனான். முதல் வருஷம் போன் வந்தது. பிறகு போன் நின்றது, அங்கே வேறொரு குடும்பம் இருக்கிறது என்ற செய்தி மட்டும் வந்தது. கம்பெனி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போனபோது, அவள் ஒரு வண்டியும் எண்ணெய்ச் சட்டியும் வாங்கி மைதான வாசலில் நின்றாள். மாவை மெல்லிசாகத் தட்டி, அப்பளம்போல் உப்பப் பொரித்தெடுக்கும் யானிகேக்கேயை அவள் கையால் தின்னாத ஆட்டக்காரன் அந்த ஊரில் கிடையாது. அந்த எண்ணெய்ப் புகையில்தான் ஒரு பிள்ளையை ஒற்றை ஆளாக வளர்த்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிச்சார்தோ என்ற இளம்பெண் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு படத்தை வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

"இவன் எங்கெல்லாம் எறியறான்?"

வாரம் முழுக்க ஞானத் தகப்பன் செனோனுடைய பயிற்சியில் என்றாள் நெரெய்டா. ஞாயிற்றுக்கிழமை பேட்டை டீமுக்கு. வருஷம் முழுக்க அப்படித்தான். கிறிஸ்துமஸுக்கு மட்டும் லீவு.

"அந்த ரெண்டு பேரும், அவன் எவ்வளவு எறிஞ்சான்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்குவாங்களா?"

"அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே இல்ல டாக்டர். போன தேர்தல்ல சண்டை."

டாக்டர் சிரிக்கவில்லை. நெரெய்டாவுக்கு அப்போதுதான் தன் வீட்டுத் துணிக்கொடி கண்ணில் வந்தது. செனோனின் நீலச் சட்டை, பேட்டை டீமின் மஞ்சள் சட்டை. இரண்டையும் தன் கையாலேயே துவைத்து, ஒரே கொடியில் பக்கத்தில் பக்கத்தில் எத்தனையோ வாரம் காயப்போட்டிருக்கிறாள். இரண்டு சட்டைக்குள்ளும் போவது ஒரே கைதான் என்பது அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பேட்டையில் எந்தத் தாய்க்கும் தோன்றியதில்லை. இரண்டு சட்டை கிடைத்தது என்று பெருமைதான் பட்டார்கள்.

வளர்கிற எலும்பு இன்னும் முழுக்க மூடவில்லை, முழங்கையின் உள்பக்கம் அந்த இடம் இழுபட்டுப் பிரியப் பார்க்கிறது என்று டாக்டர் விளக்கினாள். சில மாதம் பந்தைத் தொடவே கூடாது. அதன் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஒரே சமயத்தில் இரண்டு டீமுக்கு எறியக் கூடாது, எறிந்த மறுநாள் எறியக் கூடாது, வருஷத்தில் சில மாதம் கைக்கு முழு ஓய்வு வேண்டும். வலி வந்தால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். கேட்டு நடந்தால் கை பெரும்பாலும் தானாகவே சேர்ந்துவிடும். கேட்காவிட்டால் கத்திதான். கத்திக்கு அப்புறம் பழைய கை வருமா என்பதற்கு யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

வீடு திரும்பும்போது வில்கின் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சனிக்கிழமை கிளப்காரர்கள் வருகிறார்கள் என்பதை மட்டும் சொன்னான். பதினாறு வயது முடிந்ததும் கிளப்போடு ஒப்பந்தக் கையெழுத்து. அதற்கு முந்திய இந்த வருஷத்தில் கண்ணில் படாதவன் கதை முடிந்தது.

"உனக்குத் தகரக் கூரையை எடுத்துட்டு காங்கிரீட் போட்டுத் தரணும்னு பாக்கறேன். நீ என்னடான்னா..."

"நான் உங்கிட்டக் கூரை கேட்டனா?" என்றாள் நெரெய்டா. பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே செனோன் வீட்டுக்குப் போனாள். வில்கினுக்கு ஞானஸ்நானத்தில் மெழுகுவர்த்தி பிடித்தவர் அவர். அந்த உறவில் அவர் பையனுக்குப் பாத்ரினோ, அவளுக்குக் கொம்பாத்ரே; அவள் அவருக்குக் கொமாத்ரே. கூடப்பிறந்தவர்களிடம்கூட முகத்தை முறிக்கலாம். இந்த உறவில் முறிக்கக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம்.

செனோன் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஏழைப் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே தங்கவைத்து, சோறு போட்டு, பயிற்சி கொடுத்து, கிளப்காரர்களிடம் காட்டுவது அவர் தொழில். கிளப்பில் ஒருவன் சேர்ந்தால் அதில் அவருக்குப் பங்கு உண்டு. ஒரு காலத்தில் அவரும் எறிந்தவர். பத்தொன்பது வயதில் கை போய்விட்டது. இன்றைக்கும் வலது கை முழுசாக நீளாது, முழுசாக மடங்காது. தட்டில் சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோக, கையை விட்டுவிட்டுத் தலையைத்தான் குனிவார்.

டாக்டர் சொன்னதை அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மற்ற பயிற்சிக்காரர்களைப்போல் தான் காட்டுமிராண்டி இல்லை என்றார். தன் பிள்ளைகள் எறிவதை எண்ணிப் பார்த்துத்தான் விடுவதாக நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை எறியறதையும் சேர்த்து எண்ணினீங்களா கொம்பாத்ரே?"

"அது எங்கிட்ட எறியறது இல்லையே. அது எப்படி என் கணக்குல வரும்?"

நெரெய்டாவுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. ஒரு பிள்ளையின் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துவிட்டு, என் பக்கம் நான் மெதுவாகத்தானே இழுத்தேன் என்று சொன்னால் அது என்ன நியாயம்? பேட்டை டீம்காரனைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். பிய்ந்துபோனால் யாரும் பிய்க்கவில்லை, தானாகப் பிய்ந்தது என்பார்கள்.

"உங்க கை எப்படிப் போச்சு? உங்களையும் யாராவது எண்ணித்தான் எறிய விட்டாங்களா?"

செனோன் முகம் கறுத்தது. தன் கை பிறவியிலேயே பலமில்லாத கை என்றார். கடவுள் அவ்வளவுதான் கொடுத்தார் என்றார். வில்கின் கை அப்படி இல்லை, அது இரும்பு என்றார். இத்தனை வருஷமாக அவர் இதைத்தான் தனக்கே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு கணம் இரக்கம்கூட வந்தது. ஆனால் அவருக்காக இரங்கப் போனால் தன் பிள்ளைக்கு யார் இரங்குவது?

கடைசியில் அவர் இறங்கி வந்தார். சனிக்கிழமை வில்கின் சட்டை போட்டு வரிசையில் நின்றால் போதும், உயரம் அளந்துகொள்ளட்டும், பந்து எறிய வேண்டாம் என்றார். ஞானஸ்நான மெழுகுவர்த்தி சாட்சியாக வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நம்பி அவள் வீட்டுக்கு வந்தாள்.

சனிக்கிழமை காலையில் மைதான வாசல் திருவிழாபோல் இருந்தது. கம்பி வலைக்குப் பின்னால் தொப்பி போட்ட வெளிநாட்டுக்காரர்கள், கையில் வேகம் அளக்கும் கருவியோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கம்பக்கத்துச் சனம் முழுக்கச் சுவரோரம் நின்றது. நெரெய்டாவின் சட்டியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது.

வில்கின் நீலச் சட்டையில் சிரித்துக்கொண்டே வந்தான். வலது கையை வீசிக்கொண்டு வந்தான். இரண்டு நாள் முன்னால் சீப்பைப் பிடிக்க முடியாத கை. அவளுக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

சின்னப் பிள்ளையிலிருந்து செய்கிற மாதிரி, அம்மா மறுபக்கம் திரும்பிய நேரம் பார்த்து அவன் வடிகூடையிலிருந்து ஒரு யானிகேக்கேயை எடுத்தான். எடுக்கும்போது கை சட்டி விளிம்பில் சாய்ந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் கொதிக்கிற இரும்பில் படிந்து நின்றன. அவன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். கையை எடுக்கவில்லை.

அவள்தான் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். சுண்டுவிரல் ஓரம் தோல் வெந்து வெளுத்திருந்தது.

"சுடலையாடா உனக்கு?"

வில்கின் அப்போதுதான் விரலைப் பார்த்தான். பார்த்த பிறகுதான் முகம் மாறியது. அவள் சுண்டுவிரலை நகம் பதியக் கிள்ளினாள். அவன் அசையவில்லை. சட்டைக் கையை மேலே தள்ளினாள். முழங்கையின் உள்பக்கம் பஞ்சு வைத்து ஒரு சின்ன ஒட்டு.

"யாரு ஊசி போட்டது?"

உள்ளே அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். கையை உருவிக்கொண்டு ஓடினான்.

அந்த நிலையிலும் அவள் கேஸை அணைத்தாள். அணைத்துவிட்டு, கையிலிருந்த ஜல்லிக்கரண்டியோடேயே மைதானத்துக்குள் நுழைந்தாள். காவல்காரன் குறுக்கே வந்தான், உள்ளே போகக் கூடாது என்று கெஞ்சினான். எண்ணெய் சொட்டுகிற கரண்டியைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். நடுமேட்டில் நின்று வில்கின் முதல் பந்தை எறிந்தான். வலைக்குப் பின்னால் கருவியைப் பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். சுவரோரம் சனம் கைதட்டியது. தன் பிள்ளையின் கை பிய்வதற்குத்தான் அந்தக் கைதட்டு என்று அவள் மட்டும்தான் அறிவாள்.

இரண்டாவது பந்துக்கு அவன் கையை ஓங்கியபோது, அவள் அவனுக்கும் பந்து பிடிப்பவனுக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள்.

செனோன் ஓடிவந்தார். கொமாத்ரே, கொமாத்ரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. வலைக்குப் பின்னால் இருந்தவர்களைப் பார்த்துப் பேசினாள்.

"இந்தக் கைக்கு ஊசி போட்டு மரத்துப்போக வெச்சிருக்காங்க. கொதிக்கிற சட்டியில வெச்சாலும் இவன் விரலுக்குத் தெரியல. வந்து பாருங்க. நீங்க வாங்கப் போற கையை நீங்களே வந்து தொட்டுப் பாருங்க."

மொழிபெயர்க்க வந்தவன் அதை மொழிபெயர்க்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ இரண்டே வார்த்தை சொன்னான். தொப்பிக்காரர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த பையனைக் கூப்பிடச் சொன்னார்கள். அவ்வளவுதான். யார் ஊசி போட்டது என்று ஒருவர் கேட்கவில்லை. பிள்ளையின் வயது என்ன என்று கேட்கவில்லை. எழுந்து வந்து அந்த விரலை ஒருவரும் பார்க்கவில்லை. மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் கால் நொண்டினால் குனிந்து பார்ப்பார்கள். இங்கே குனிவதற்கும் ஆள் இல்லை.

நெரெய்டா மகன் கையிலிருந்து பந்தை வாங்கினாள். அவன் கொடுத்தான். கொடுக்கும்போது அவன் பார்த்த பார்வையைப் பெற்றவள் எவளும் தாங்க மாட்டாள். அவள் தாங்கிக்கொண்டு அவனை வெளியே நடத்தி வந்தாள்.

ஊசியின் மரமரப்பு விட்டதும் முழங்கை வீங்கியது. வில்கின் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு பல்லைக் கடித்தான். அவள் ஐஸ் கட்டி வைத்தாள், விரலுக்கு மருந்து போட்டாள். அவன் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வலிக்கிறது என்றும் சொல்லவில்லை. பேட்டை அவளைப் பேசித் தீர்த்தது. பெற்ற பிள்ளையின் அதிர்ஷ்டத்தைக் கரண்டியால் அடித்து விரட்டியவள் என்றார்கள். மைதான வாசலில் அவளுடைய பலகாரம் ஆறிக் கிடந்தது. தினமும் வாங்குகிற பெண்கள் எதிர்ப்பக்கம் நடந்து போனார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் செனோன் வீட்டுக்கு வந்தார். வந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் இருக்க முடியாது. சின்னக் கோப்பையில் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, நல்ல செய்தியோடு வந்திருப்பதாகச் சொன்னார். கிளப்காரர்களில் ஒருவர் அந்த ஒரே பந்தை மறக்கவில்லையாம். இரண்டு வாரத்தில் மறுபடி வருகிறாராம்.

"உங்களுக்கு நரம்புத் தளர்ச்சி, அப்பப்ப இப்படி வரும்னு சொல்லிச் சமாளிச்சு வெச்சிருக்கேன். அன்னிக்கு ஒரு நாள் நீங்க வீட்டுல இருந்தாப் போதும்."

நெரெய்டா நின்ற இடத்திலேயே நின்றாள். மெழுகுவர்த்தி சாட்சியாகச் சொன்ன வாக்கை மீறியவர் அவர். ஊசிக்காரனிடம் பிள்ளையைக் கூட்டிப்போனவரும் அவராகத்தான் இருக்க வேண்டும். பைத்தியம் என்ற பெயர் மட்டும் அவளுக்கு.

"எனக்கு நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு கொம்பாத்ரே. மரத்துப்போனது எனக்கு இல்ல. எம் புள்ளை வர மாட்டான்."

"உங்க பேச்சு வேண்டாம். அவனைக் கூப்பிடுங்க. எறியறவன் அவன். அவன் சொல்லட்டும்."

அவர் குரலில் அவ்வளவு தைரியம் இருந்தது. எந்தப் பையனும் வலி என்ற சொல்லைச் சொல்லத் துணிய மாட்டான் என்ற தைரியம். அவள் கூப்பிட்டாள். வேறு வழியில்லை. இவன் இப்போது களைப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. இரண்டு வாரத்தில் அவளை மீறிப் போவான், பூட்டி வைத்தால் ஜன்னல் வழியாகப் போவான். மைதானத்தில் குறுக்கே நின்ற மாதிரி ஆயுசு முழுக்க அவன் குறுக்கே நிற்க அவளால் முடியுமா?

வில்கின் வந்தான். வலது கையை இடது கையால் ஏந்தியபடி வந்தான்.

"கை எப்படி இருக்கு மகனே?" என்றார் செனோன், பிரியமாகத்தான்.

அவன் தரையைப் பார்த்தான். அம்மாவைப் பார்க்கவில்லை.

"வலிக்குது பாத்ரினோ."

செனோன் கோப்பையை வைத்தார். "என்ன?"

"வலிக்குது. ஈஸ்டர்லேர்ந்து வலிக்குது. சட்டைப் பொத்தான் போட முடியல. ஊசி போட்டப்பவும் வலி போகல, எனக்குத் தெரியாம எங்கயோ இருந்துச்சு."

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"உங்க வீட்டுல தங்கியிருந்த தாரியோ வலிக்குதுன்னு சொன்னானே. அவன் பையைத் தூக்கி வெளியில வெச்சீங்களே."

அவ்வளவு உயரப் பையன் உதடு கோணி, குழந்தைபோல் விம்மினான். நெரெய்டா அவனைத் தொடவில்லை. தொட்டால் தானும் உடைந்துவிடுவாள் என்று பயந்தாள்.

செனோன் எழுந்தார். தொப்பியை எடுத்தார். அவர் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று அந்தக் கணத்திலும் அவள் எதிர்பார்த்தாள்.

"சரி. இது மத்த பசங்க காதுக்குப் போக வேண்டாம் கொமாத்ரே. அப்புறம் ஒவ்வொருத்தனுக்கும் வலிக்க ஆரம்பிச்சிரும்."

"போகும்," என்றாள் நெரெய்டா. "நாளைக்கு வண்டியைப் போட்டதும் முதல் வேலை அதுதான். வர்ற ஒவ்வொரு தாயையும் நிறுத்தி, உம் புள்ளை வேற எந்த டீமுக்கு எறியறான், கை வலிக்குதான்னு கேட்டியா, யாராவது ஊசி போட்டாங்களான்னு கேக்கப் போறேன்."

"உங்ககிட்ட இப்ப யாரும் வாங்கறதில்ல."

"வாங்காட்டிப் போகட்டும். எதிர்ப்பக்கம் நடந்தாலும் என் குரல் கேக்கும்."

அவர் வாசலில் ஒரு நிமிஷம் நின்று வில்கினைத் திரும்பிப் பார்த்தார். படியிறங்கித் தெருவில் நடந்தார். எதிர்வீட்டு ஜன்னல்களில் நின்ற முகங்கள் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தன. நெரெய்டா அந்த முகங்களை ஒவ்வொன்றாக நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.